டாக்டர் வந்தார்... வாட்ச்மேன் வந்தான்!

நமக்கே தெரியாமல் நமக்குள் குடியிருக்கும் ஓரவஞ்சனை... ஒரு கேம்பஸ் ரிப்போர்ட்!

முதலில் ஒரு குட்டிக் கதை. கவனமாகப் படிங்க, கடைசியில் கேள்வி உண்டு!

அப்பாவும் மகனும் பைக்கில் போகிறார்கள். லாரி மோதி விபத்து. அப்பா அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறார். பையனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த சர்ஜன், பையனின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறார். "என்னால இந்த ஆபரேஷனைச் செய்ய முடியாது... இவன் என் மகன்" என்கிறார்.

அப்பாதான் இறந்துட்டாரே... அப்போ இந்த சர்ஜன் யாரு?

உலகம் பூரா சுற்றி வந்த பழைய புதிர்தான் இது. எங்கள் காலேஜ் கேன்டீனில் எடுத்துவிட்டேன். "வளர்ப்பு அப்பாவா இருக்கும்", "சர்ஜன் ஆளைத் தப்பா அடையாளம் பார்த்துட்டார்", "ஏய்... அப்பாவோட ஆவிடீ!" என்று டீ ஆறும் வரை பதில்கள் வந்தன. 'ஆவி' என்று அடித்துச் சொன்ன தோழியின் அம்மா யார் தெரியுமா? டாக்டர்!

ஆமாம் பாஸ், அந்த சர்ஜன் பையனோட அம்மா. அவ்வளவுதான் மேட்டர்.

இங்கே ஒரு வேடிக்கை. கதையை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. சர்ஜன் ஆண் என்று நான் எங்கேயுமே சொல்லவில்லை. 'நின்றுவிடுகிறார்', 'என்கிறார்' என்றுதான் எழுதியிருக்கிறேன். தமிழில் 'ஆர்' விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சர்ஜனுக்கு மீசை ஒட்டியது கதை இல்லை, நம்ம மண்டை!

கை தானாகச் சாய்ந்தால்..?

கல்யாணப் பந்தியில் தன் பிள்ளை இலைக்கு மட்டும் ரெண்டு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினால் அதற்குப் பேர் ஓரவஞ்சனை. தெரிந்தே செய்வது. பார்க்கிறவர்களுக்கும் தெரியும், திட்டலாம். ஆனால், ஊற்றுகிறவருக்கே தெரியாமல் கை அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால்? 'எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே ஊத்தினேன்' என்று அவர் சத்தியமே செய்வார். பொய்யும் சொல்ல மாட்டார். நாம் பேசப்போவது இந்த ரெண்டாவது ரகம்.

உங்ககிட்டேயும் இருக்கான்னு பார்க்கணுமா? லேப் எல்லாம் வேண்டாம். தமிழ் போதும். நேற்று முழுக்க நீங்க பேசினதை ஞாபகப்படுத்திப் பாருங்க. 'டாக்டர் வந்தார்', 'ஹெச்.ஓ.டி. சொன்னார்'... சரி. 'வாட்ச்மேன் வந்தான்', 'மெஸ்ல சாம்பார் ஊத்தறவன் இன்னும் காணோம்', 'ஆட்டோக்காரன் நூறு ரூபா கேக்கறான்'... எங்க காலேஜ் வாட்ச்மேனுக்கு என் தாத்தா வயசு. ஹெச்.ஓ.டி-யை விடப் பெரியவர். ஆனாலும் ஒருத்தருக்கு 'ஆர்', இன்னொருத்தருக்கு 'ஆன்'. யாரும் நமக்கு உட்கார்த்திவைத்து இப்படிச் சொல்லித்தரவில்லை. சட்டையையும் சம்பளத்தையும் பார்த்து நாக்கே முடிவு பண்ணிவிடுகிறது.

ஒரு வாரம் அப்ஸர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், நான் 'ஆன்' போட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். மூன்றாம் நாளே பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை!

நீ ரீடிங் எழுதும்மா!

என் கதைக்கு வருகிறேன். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கிளாஸில் பெண்கள் மொத்தம் ஐந்தே பேர். முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் எங்கள் பேட்ச் லேத் முன்னால் போய் நின்றதுமே, "நீ ரீடிங் எழுதும்மா... பசங்க மிஷினைப் பார்த்துக்கட்டும்" என்றார் சொல்லித்தருகிறவர். தங்கமான மனுஷர். கை கால் பட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறை அவருக்கு. நானும் அழகாக டேபிள் போட்டு எழுதினேன். ரெக்கார்டில் நல்ல மார்க். டூல் செட் பண்ணச் சொன்னால் மட்டும் கை உதறும். அப்புறம் ஒருநாள் வைவாவில், "லேத்ல வேலை பார்த்திருக்கியா, பக்கத்துல நின்னு பார்த்திருக்கியா?" என்று எக்ஸ்டர்னல் கேட்டார். கிளாஸே சிரித்தது. அன்று ராத்திரி ஹாஸ்டலில் அழுதேன்.

கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்ல மனசோடு செய்தார், அதுதான் சிக்கல்.

இப்படி ஆளாளுக்கு ஒரு கதை இருக்கிறது. நண்பர்களிடம் கேட்டபோது கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

"குரூப் டிஸ்கஷன்ல தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல மாத்தறதுக்குள்ள டாபிக்கே அடுத்த ஆளுக்குப் போயிடுது. பேசலைன்னா 'சப்ஜெக்ட் தெரியலை'ன்னு முடிவு கட்டிடறாங்க. எனக்குத் தெரியாதது இங்கிலீஷ்ங்க, சப்ஜெக்ட் இல்லை!" என்கிறார் இ.சி.இ. மாணவி ஒருவர்.

"நாலு பேர் சேர்ந்து ரூம் தேடினோம். போன்ல பேசறப்ப வீடு காலியா இருக்கும். நேர்ல போய் என் பேரைச் சொன்னதும், 'ஓனர் சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி'ம்பாங்க. இப்ப ஃப்ரெண்ட்ஸை மட்டும் அனுப்பிடறேன்" என்று சிரித்தபடியே சொன்னார் சிவில் படிக்கும் முஸ்லிம் நண்பர். அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல் இருந்தது.

பெயர் என்ன பாவம் செய்தது?

'எல்லாம் உங்க கற்பனை' என்று யாராவது சொல்வார்கள் இல்லையா? அதற்காகவே சில ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன்.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியிட்டது முதல் ஆராய்ச்சி. பேப்பரில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்கள் 548-க்கு, 4,808 விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பிடும்படியாக இருக்கும். பெயர் மட்டும் வேறு வேறு. ஒன்று உயர்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு!

இதில் தெரிந்தே ஒதுக்கியது எவ்வளவு, தெரியாமல் ஒதுக்கியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால், லெட்டருக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தவருக்கு ரெண்டும் ஒன்றுதானே!

அடுத்தது அமெரிக்கா. 2012-ல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் லேப் மேனேஜர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 'ஜான்' என்ற பெயரில், மீதிப் பேருக்கு 'ஜெனிஃபர்' என்ற பெயரில். ஜான்தான் திறமைசாலி என்று மார்க் விழுந்தது. சம்பளமும் ஜானுக்கு சராசரியாக 30,000 டாலருக்குக் கொஞ்சம் மேல், ஜெனிஃபருக்கு 26,500 டாலர் பக்கம். இதில் ட்விஸ்ட் என்னன்னா, பெண் பேராசிரியர்களும் ஜெனிஃபருக்குக் குறைத்துத்தான் போட்டார்கள்.

'மனுஷன்தானே தப்புப் பண்றான், மிஷின்கிட்ட விட்டுடலாம்' என்கிறீர்களா? அமேசான் அதையும் செய்து பார்த்தது. பத்து வருட விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கிய சாஃப்ட்வேர், விண்ணப்பத்தில் 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே மார்க்கைக் குறைத்தது. 'பெண்கள் செஸ் கிளப் கேப்டன்' என்று பெருமையாகப் போட்டிருந்தால், அதுவே மைனஸ்! அந்த முயற்சியைக் கம்பெனி கைவிட்டுவிட்டதாக 2018-ல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் மிஷினும் நம்மைப் போலத்தானே இருக்கும்!

எங்க மெக்கானிக்கல் ஆட்களுக்கு ஸ்பெஷலாக ஒன்று. கார் மோதல் சோதனையில் உட்காரவைக்கும் பொம்மை தெரியும் இல்லையா? பல வருடங்களாக முக்கியமாகப் பயன்பட்டு வந்த பொம்மை, சுமார் 175 சென்டிமீட்டர் உயரமும் 78 கிலோ எடையும் உள்ள சராசரி ஆண். பெல்ட் போட்டிருந்த டிரைவர்களை ஒப்பிட்ட 2011-ம் வருட அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், பலத்த காயம் படும் வாய்ப்பு பெண்களுக்கு 47 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு, சராசரிப் பெண்ணின் உடல்வாகில் 162 சென்டிமீட்டர், 62 கிலோவில் ஒரு பொம்மையை 2022-ல் காட்டியது. பெண்கள் சாகட்டும் என்று எந்த இன்ஜினீயரும் நினைத்திருக்க மாட்டார். 'மனிதர்' என்றதும் அவர் மனசில் வந்த உருவம் ஆண். அவ்வளவுதான் நடந்தது.

அந்தப் பேராசிரியைகள் வேறு யாரும் இல்லை...

இத்தனையும் படித்துவிட்டு, 'நான் பாதிக்கப்பட்ட கட்சி' என்ற தெம்போடுதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போஸியத்துக்கு வாலன்டியர் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. செகண்ட் இயரில் 24 பேர் ஃபாரம் கொடுத்திருந்தார்கள். பெயர், ரோல் நம்பர், ப்ளஸ் டூ படித்த ஸ்கூல், விருப்பமான மூன்று கமிட்டிகள். போன வருட ஃபாரத்தையே ஜெராக்ஸ் எடுத்திருந்தோம். ஒரே ராத்திரியில் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் சாயந்திரம் ஒரு ஜூனியர் வந்தான். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுப்பா."

"நான் பேப்பர் பிரசன்டேஷன் ஹால், ஸ்டேஜ், ரிசப்ஷன்னு மூணும் எழுதியிருந்தேன். ஃபுட் கமிட்டியில போட்டிருக்கீங்க. பரவாயில்லக்கா, செஞ்சுடறேன். ஏன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?"

"அது... அங்கெல்லாம் கம்யூனிகேஷன் கொஞ்சம் நல்லா இருக்கணும்..."

அவன் கோபப்படவே இல்லை. "நீங்க என்கிட்ட இதுவரைக்கும் பேசினதே இல்லையேக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

ரூமுக்கு வந்து ஃபாரங்களை எடுத்து எண்ணினேன். சாப்பாடும் சேர் தூக்குவதும் கொடுத்தது பத்துப் பேருக்கு. அதில் ஒன்பது பேர் அரசுப் பள்ளி. ஸ்டேஜ், ஹால், ரிசப்ஷன் பக்கம் போட்டவர்களில் அரசுப் பள்ளி ஒருத்தர்கூட இல்லை. நான் அப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளவே இல்லை. சத்தியமாக! 'சொதப்பாத ஆளா இருக்கணும்' என்று மட்டும்தான் யோசித்தேன். 'சொதப்பாத ஆள்' எப்படி இருப்பான் என்று என் மண்டை எனக்கு முன்னாலேயே முடிவு செய்து வைத்திருந்தது. லேத் பக்கத்தில் எனக்கு நோட்டைக் கொடுத்தாரே, அவரும் நானும் ஒரே கட்சி.

2005-ல் எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் செய்த ஒரு ஆராய்ச்சியை அதற்கப்புறம்தான் புரிந்துகொண்டேன். போலீஸ் தலைமைப் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒருவருக்குப் படிப்பு அதிகம், இன்னொருவருக்குக் கள அனுபவம் அதிகம். ஆணுக்குப் படிப்பு இருந்தால் 'இந்த வேலைக்குப் படிப்பு முக்கியம்' என்று சொல்கிறார்கள். அதே படிப்பு பெண்ணிடம் இருந்தால் அதன் மதிப்பு இறங்கிவிடுகிறது! ஆளை முதலில் பிடித்துப்போகிறது, அதற்குத் தோதாகத் 'தகுதி' பிறகு தயாராகிறது. ஆனால், எது முக்கியம் என்பதை விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடச் சொன்னபோது அந்தப் பாகுபாடு மறைந்துபோனது. நான் சொன்ன 'கம்யூனிகேஷன்' எப்படிப்பட்ட காரணம் என்று இப்போது புரிகிறதா?

திட்டினால் போகுமா? கிளாஸ் எடுத்தால் போகுமா?

இந்தத் துறையில் பெரிய பெயர் மஹஸரீன் பனாஜி. செகந்திராபாத்தில் பிறந்து, ஹார்வர்டு வரை போனவர். 1998-ல் அவரும் ஆன்டனி கிரீன்வால்டும் பிரையன் நோஸெக்கும் சேர்ந்து, மறைமுகச் சார்பை அளக்கும் டெஸ்ட்டை இன்டர்நெட்டில் விட்டார்கள். பட்டனை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை வைத்து, மனசு எதை எதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. ஆனால், அதை வைத்து 'நீ இப்படிப்பட்ட ஆள்' என்று முத்திரை குத்திவிட முடியாது. இன்று எடுத்தால் ஒரு ஸ்கோர், அடுத்த வாரம் வேறு ஸ்கோர் வரலாம் என்ற விமர்சனம் அதற்கு உண்டு.

சரி, பாடம் நடத்தினால்? 2018 மே மாதம் ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் 8,000 கடைகளுக்கும் மேல் ஒரு மதியம் மூடிவிட்டு ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தது. பிரிட்டன் அரசோ, இந்த மாதிரிப் பயிற்சியால் நடத்தை மாறுவதாக ஆதாரம் இல்லை என்று சொல்லி, 2020 டிசம்பரில் தன் அலுவலகங்களில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. மனசைத் திருத்துகிறேன் என்று கிளம்பினால் ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால், வேலை செய்கிற முறையை மாற்றலாம். அமெரிக்க இசைக்குழுக்கள் 1970, 80-களில் என்ன செய்தன தெரியுமா? ஆள் தேர்வில் குறுக்கே திரை கட்டின. ஹை ஹீல்ஸ் சத்தத்தில் ஆணா, பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாது என்று சில இடங்களில் கார்ப்பெட்கூட விரித்தார்கள்! முன்னணி ஐந்து குழுக்களில் 1970-ல் ஐந்து சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்த பெண்கள், 1990-களின் கடைசியில் 25 சதவிகிதம் ஆனார்கள். திரைக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னமும் நடக்கிறது. ஆனால், திரைக்குப் பின்னால் வாசிப்பவரின் முகத்துக்கு யாரும் மார்க் போட முடியாது என்பது நிச்சயம்.

'நமக்கு ஏது திரை?' என்று கேட்காதீங்க. அண்ணா யுனிவர்சிட்டி செமஸ்டர் பேப்பர் திருத்தப் போகும்போது நம்ம ரிஜிஸ்டர் நம்பரை எடுத்துவிட்டு ஒரு டம்மி நம்பர் போடுகிறார்களே, அதுவும் திரைதான். பேப்பர் திருத்துகிறவருக்கு நீங்க எந்த ஊர், என்ன பேர், எந்த மீடியம் எதுவும் தெரியாது. ஆன்ஸர் மட்டும்தான் தெரியும். அரியர் விழும்போதெல்லாம் நாம் திட்டுகிற அதே டம்மி நம்பர்!

இடம் மாறிய ஏழு பேர்

நோட்டீஸ் போர்டிலிருந்து லிஸ்ட்டைக் கிழித்தேன். ஸ்டாஃப் கோஆர்டினேட்டரிடம் போய், "தப்பாப் பிரிச்சுட்டேன் சார், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றேன்.

'ஹாலில் புரொஜெக்டர் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?', 'ஒரு டீம் நேரத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டே இருந்தால்?' என்று இரண்டே கேள்விகள். தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதலாம். எந்தப் பதிலுக்கு எவ்வளவு மார்க் என்று முதலிலேயே முடிவு செய்தோம். பெயருக்குப் பதில் நம்பர். செகண்ட் இயரில் யாரையும் தெரியாத மூன்று ஃபைனல் இயர் சீனியர்கள் தனித்தனியாகத் திருத்தினார்கள். ஒருவர் போட்ட மார்க் இன்னொருவருக்குத் தெரியாது.

புது லிஸ்ட்டில் ஏழு பேர் இடம் மாறினார்கள். அந்த ஜூனியருக்குப் பேப்பர் பிரசன்டேஷன் ஹால். அதில் இருந்து வெளியே போனது யார் தெரியுமா? என் ரூம்மேட்டின் தங்கை. "எழுதி ஒட்டினதை ஏன்டி பிடுங்கினே?" என்று கேட்டவள், இன்றைக்கும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அவள் கோபமும் நியாயம்தான். தப்புப் பண்ணினது நான், இழந்தது அவள் தங்கை.

சிம்போஸியம் அன்று சினிமாவில் வருவது மாதிரி எதுவும் நடக்கவில்லை. முதல் அறிவிப்பிலேயே ஒரு காலேஜ் பெயரைத் தப்பாக உச்சரித்தான். ஹால் சிரித்தது. அவன் ஒரு விநாடி நின்று, சரியாகச் சொல்லிவிட்டு அடுத்த டீமைக் கூப்பிட்டான். சாயந்திரம் சொன்ன நேரத்துக்கு முடிந்தது அவனுடைய ஹால் மட்டும்தான். ஆனால் ஒன்று, அவன் சொதப்பியிருந்தால்கூட நான் முதலில் பிரித்தது தப்புதான். ஜெயித்துக் காட்டினால்தான் நியாயம் கிடைக்கும் என்பதும் ஒருவகை ஓரவஞ்சனை இல்லையா?

நீங்களும் சிம்போஸியம் நடத்துவீங்க, கிரிக்கெட் டீம் எடுப்பீங்க, புராஜெக்ட் பேட்ச் பிரிப்பீங்க. நாளைக்கு ஒரு கம்பெனியில் இன்டர்வியூ டேபிளுக்கு அந்தப் பக்கமும் உட்காருவீங்க. ஆளைப் பார்க்கும் முன்னாலேயே 'என்ன வேணும்'னு எழுதி வைங்க. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்க. பெயர், ஊர், ஸ்கூல் தேவையில்லாத இடத்தில் அந்தக் கட்டத்தையே அடிச்சுடுங்க. முடிச்சதும் லிஸ்ட்டை ஒருதடவை எண்ணுங்க. எண்ணிக்கை நம்ம மனசாட்சியைவிட உண்மை பேசும்!

அப்ஸர்வேஷன் நோட்டு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? இந்த வாரமும் கோடு போட்டேன். நிறையக் குறைந்திருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி கேட் பூட்டியிருந்தபோது, தோழியிடம் சொன்னேன்: "வாட்ச்மேன் எங்கே போனான்?"

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருட்டிலிருந்து சாவிக்கொத்தோடு வந்தார் அவர். காதில் விழுந்திருக்குமா, தெரியவில்லை. "மணி ஒம்போதரை ஆவுதும்மா, பார்த்து வரக் கூடாதா?" என்றபடி திறந்துவிட்டார்.

ரூமுக்குப் போனதும் ஒரு கோடு போட்டேன். உங்க நோட்டுல எத்தனை?